ஏழு தள்ளு, ரெண்டு தட்டு

அந்த அறையில் அன்றைக்கு ஐந்து பேர் இருந்தோம். எங்கள் சின்ன மென்பொருள் கம்பெனியின் முதலாளி. ஓசூரில் ரப்பர் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையிலிருந்து வந்த மனிதவள மேடம். பெங்களூரிலிருந்து தணிக்கைக்கு வந்திருந்த ஒருவர். அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற, கண் தெரியாத தொழிலாளி. நான்.

இல்லாதவர் ஒருவர். அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் லீவு போட எங்கள் கம்பெனி செய்த, அன்றைக்குக் காட்டப்போகிற செயலியை மூன்று வாரம் சோதித்து, இது கண் தெரியாதவருக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்த அக்கா. அவருக்கும் கண் தெரியாது. "நாளைக்கு வர வேண்டாங்கக்கா, சிஸ்டம் வேலை நடக்குது" என்று முந்தின நாள் போன் செய்து சொன்னவன் நான்தான். ஒரு சிஸ்டம் வேலையும் நடக்கவில்லை. மேஜையைத் துடைத்து, வடைக்கும் போண்டாவுக்கும் சொல்லிவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

என் வேலை என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்கிறவர்களிடம் அம்மா, "கம்ப்யூட்டரு நல்லா இருக்குதான்னு பார்க்கறான்" என்பாள். பெரிய தப்பில்லை. ஒரு இணையதளமோ செயலியோ கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்குகிறவர் கையிலும் வேலை செய்கிறதா என்று பார்த்து எழுதித் தர வேண்டும். கண் தெரியாதவர்களின் போனில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற குரல் ஒன்று உண்டு. விரலை ஒருமுறை தள்ளினால் அடுத்த பொருளின் பெயரைச் சொல்லும். இரண்டு தட்டுத் தட்டினால் அது திறக்கும். செய்தவர்கள் பெயர் எழுதி வைத்திருந்தால்தான் குரல் பெயரைச் சொல்லும். எழுதாவிட்டால் "பட்டன்" என்று மட்டும் சொல்லும்.

அந்தச் செயலியில் முகப்பில் எட்டு பட்டன்கள். எட்டுக்கும் அழகான படம் போட்டிருந்தார்கள். ஒன்றுக்கும் பெயர் எழுதவில்லை.

அக்கா மத்தூர்க்காரர். ஓசூரில் பெண்கள் விடுதியில் தங்கி, எங்களிடம் நாள் கணக்கில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். வந்ததும் முதல் வேலையாகத் தன் மேஜையிலிருக்கிற திரையை அணைத்துவிடுவார். "கரண்ட்டாவது மிச்சமாகட்டும்." நான் திரையைப் போட்டுக்கொண்டே காதில் குரலையும் கேட்டுச் சோதிப்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"தம்பி, திரையை அணை."

"அணைச்சுட்டேங்கக்கா."

"பொய் சொல்லாத. உன் விரல் ஒரு தடவைகூட தப்பான இடத்துக்குப் போகல. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே குருடன் வேஷம் கட்டறவன் நீ ஒருத்தன்தான்."

அவருடைய அறிக்கையில் முகப்புப் பட்டன்கள் எட்டும் தோல்வி. இன்னொன்றும் எழுதியிருந்தார்: விண்ணப்பம் அனுப்பியதும் வருகிற அறிவிப்பை எழுத்தாகப் போடாமல் படமாகப் போட்டிருக்கிறார்கள், அதற்குள் என்ன எழுதியிருந்தாலும் குரல் "படம்" என்றுதான் சொல்லும். எல்லாவற்றையும் சரிசெய்ய ஒரு மதியம் போதும் என்று கடைசி வரியில் இருந்தது.

முதலாளி அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. என் சான்றிதழ்களைப் பார்த்தபோது, "வீட்ல நீதான் மொத பட்டதாரியா?" என்று கேட்டு எழுந்து கை கொடுத்தவர். அந்தக் கையை நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஃபேக்டரில கண்ணு தெரியாதவங்க எத்தனை பேருப்பா?"

"ஒருத்தருங்க சார்."

"ஒருத்தரு. பட்டன் பண்ணவன் வேற ப்ராஜெக்ட்டுக்குப் போயிட்டான். ஆயுத பூஜைக்கு முன்ன ஆடிட்டு. ஒரு ஆளுக்காக எல்லாத்தையும் பிரிச்சுப் போட முடியுமா? ஒண்ணு பண்ணு. நீ போய் அவருக்குச் சொல்லிக் குடு. அவரு தனியா லீவு போட்டுட்டாருன்னா பாஸ்தானே? யூஸர் டெஸ்டிங். அதுவும் டெஸ்டிங்தானே?"

எனக்கு அது அயோக்கியத்தனமாகவே படவில்லை. இதைத்தான் நான் சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. நல்ல யோசனையாகப் பட்டது.

ஏனென்றால் எங்கள் வீடே அப்படித்தான் ஓடியது. அம்மா பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. பணம் எடுக்கிற இயந்திரத்தில் எந்தப் பக்கம், எத்தனையாவது என்று நான்தான் எண்ணிக் கொடுத்தேன். வலது பக்கம் கடைசி, இடது பக்கம் ரெண்டாவது, வலது பக்கம் மொதல். அம்மா அதைப் பூ எண்ணுகிற மாதிரி வாய்க்குள் சொல்லிக்கொண்டே அழுத்துவாள். பண்ணையில் மற்றப் பெண்களுக்கும் காட்டிக் கொடுத்தாள். "எம் பையன் சொல்லிக் குடுத்தது" என்பாள். படிப்பு என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததை எண்ணாக்கி, தெரியாதவர் கையில் வைப்பது.

ஒருமுறை வங்கியில் அந்தத் திரையை மாற்றிவிட்டார்கள். அம்மா உள்ளே நின்றுகொண்டு வெளியே வராமல், பின்னால் வரிசை சத்தம் போட, கார்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். நான் புது எண்களைச் சொல்லிக் கொடுத்தேன். அதிலிருந்து வேறொன்றும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சில் அந்தத் தொழிலாளியும் நானும் உட்கார்ந்தோம். தேன்கனிக்கோட்டை பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். என்னை "சார்" என்று கூப்பிட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வீட்டில் கன்னடம் பேசுகிறவர், வெளியே தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அடுத்த மாதத்திலிருந்து அங்கே காகிதமே கிடையாது. லீவு வேண்டுமென்றால் செயலியில் போட வேண்டும். போடாமல் மூன்று நாள் வராவிட்டால் கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அதற்கு அவர் பயந்திருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் சந்தோஷமாக இருந்தார்.

"காகிதம் ஒழிஞ்சா நல்லதுதானுங்க சார். ஒவ்வொரு தடவையும் எவனையாவது கெஞ்சி எழுதி வாங்கி, சூப்பர்வைசர் கையில குடுக்கணும். அவன் ஜோபில போட்டுக்கிட்டு மறந்துடுவான். போன வருசம் ரெண்டு நாள் சம்பளம் போச்சு. இனி நானே போட்டுக்கலாமில்ல?"

"நீங்களே போட்டுக்கலாம்."

போனைக் கையில் கொடுத்தேன். விரலைத் தள்ளினார். பட்டன். தள்ளினார். பட்டன். பட்டன். பட்டன்.

"ஏனுங்க சார், எல்லாருக்கும் ஒரே பேரு வெச்சிருக்கீங்க? ஒரே அப்பன் புள்ளைங்களா?"

டீக்கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"பேரு பின்னால வரும்ணா. இப்போதைக்கு எண்ணிக்கோங்க."

"எண்றதுதானுங்க என் பொழப்பே."

அது உண்மை. ரப்பர் வளையங்களைத் தடவி எண்ணி ஐம்பது ஐம்பதாகப் பையில் போடுவது அவர் வேலை. அவர் கட்டிய பையில் நாற்பத்தொன்பதோ ஐம்பத்தொன்றோ ஒருநாளும் இருந்ததில்லை என்று அந்த சூப்பர்வைசரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஏழு தள்ளு, ரெண்டு தட்டு. லீவுப் பக்கம் திறக்கும். மூன்று தள்ளு, எந்த நாளிலிருந்து. அடுத்தது எந்த நாள் வரை. நாட்காட்டி போனோடு வருவது, அது ஒழுங்காகப் பேசும். அப்புறம் காரணம், முதலாவதாக இருப்பது சொந்தக் காரணம். கடைசியில் அனுப்பு.

"அனுப்புனா போயிடுச்சுன்னு எப்படிங்க தெரியும்?"

"'படம்'னு சொல்லும்ணா. சொன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"படம். சரிங்க."

மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். நான்காவது தடவை அவர் டீயைக் குடித்துக்கொண்டே ஒரு கையில் போட்டார். எழுந்திருக்கும்போது என் தோளைத் தேடிப் பிடித்து, "இனிமே எவன் கையையும் பார்க்க வேணாம்" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். என் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்திருந்தது.

இப்போது அந்த அறை. தணிக்கைக்காரர் முன்னால் அவர் போனை எடுத்தார். ஏழு தள்ளினார், இரண்டு தட்டினார். தேதி, காரணம், அனுப்பு. போன் "படம்" என்றது. அவர் முகத்தை நிமிர்த்தி, "முடிஞ்சுதுங்க" என்றார்.

"பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார் தணிக்கைக்காரர்.

"ஒரு டீ குடிக்கற நேரம் சார்" என்றார் முதலாளி. "அவ்ளோ ஈஸி."

தணிக்கைக்காரர் அதை எழுதிக்கொண்டார். மேடம் கைதட்டினார். என் முன்னால் ஒரு தாள் வந்தது. சோதித்தவர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் அக்காவின் கையெழுத்து இருந்திருக்க வேண்டும். நான் போட்டேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். நிறுத்தி, தெளிவாக, கடைசி எழுத்தை நீட்டித்தான் எப்போதும் போடுவேன். அன்றைக்கும் அப்படியே போட்டேன்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தார்.

"என்ன தம்பி, சிஸ்டம் வேலை முடிஞ்சுதா? வாட்ச்மேன் சொன்னாரே, பெங்களூர் ஆளுங்க வந்து வடை போண்டா சாப்ட்டுட்டுப் போனாங்கன்னு. சிஸ்டத்துக்கு போண்டா புடிச்சுதா?"

நான் நடந்ததைச் சொன்னேன்.

"பாஸ் யாரு போட்டது?"

"நான்தாங்கக்கா. அவரு ஒரு தப்பு இல்லாம பண்ணாரு. என் கண்ணால பார்த்தேன்."

"உன் கண்ணால பார்த்தே. அதான் வம்பே. நாளைக்கு ஒரு பட்டன் இடம் மாறுச்சுன்னா?"

"மாத்த மாட்டாங்கக்கா."

"மத்தூர் பஸ்ல ஏறினா நான் டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுன்னு எண்ணித்தான் உக்காருவேன். ஒரு நாள் புது பஸ்ஸு. எண்ணிப் போய் ஒரு பெரியவர் மடில உக்காந்துட்டேன். பஸ்ஸுன்னா பரவால்ல, மன்னிச்சுக்கங்கன்னு எந்திரிச்சுக்கலாம். வெச்சிடறேன் தம்பி."

அதற்குப் பிறகு அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை. நான் கேட்கவுமில்லை.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பூஜை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் வழக்கம்போல எல்லாச் செயலிகளையும் திறந்து பார்த்தேன். அந்தத் தொழிற்சாலையின் செயலியில், முகப்பின் மேலே, அக்கா சோதித்து முடித்த வாரம் போட்ட ஆயுத பூஜை வாழ்த்துப் படம் இன்னும் இருந்தது. தொட்டால் நிர்வாகத்தின் வாழ்த்துச் செய்தி திறக்கும். பிழைப் பட்டியலில் நான் எழுதினேன்: பண்டிகை முடிந்தும் வாழ்த்துப் படம் நீக்கப்படவில்லை. அவசரம்: குறைவு. அன்று மாலைக்குள் நீக்கிவிட்டார்கள். பெயர் இல்லாத எட்டு பட்டன்களுக்கு மூன்று வாரமாக ஆள் கிடைக்கவில்லை. இதற்கு அரை நாளில் ஆள் கிடைத்தது.

வாழ்த்துப் படம் தொட்டால் திறக்கிற படம். அதனால் குரல் அதையும் "பட்டன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் நாங்கள் எண்ணிய ஏழில் அதுவும் ஒன்று. அது போனதும் லீவு ஆறாவதாகிவிட்டது. ஏழாவது இடத்துக்கு வந்தது ராஜினாமா.

லீவுப் பக்கத்தையே நகலெடுத்து, தலைப்பை மட்டும் மாற்றித்தான் ராஜினாமாப் பக்கத்தைச் செய்திருந்தார்கள். அதே இரண்டு தேதி. அதே காரணப் பட்டியல். அதே அனுப்பு. தலைப்பும் படம்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தொழிலாளியின் ஊரில் கேழ்வரகு அறுப்புக்கு வந்தது. காட்டிலிருந்து யானை இறங்குவதற்குள் அறுத்துக் கரை சேர்க்க வேண்டும். முந்தின நாளே என்னிடம் போனில் சொன்னார்: "மூணு நாள் லீவு போட்டுட்டேன் சார், நானே. காவலுக்கு என்னைய விட்டா யாரு? எனக்குத்தான் ராத்திரியும் பகலும் ஒண்ணு. 'படம்'னு சொல்லிச்சு." எனக்குப் பெருமையாக இருந்தது. "சூப்பர்ணா" என்றேன். அந்தப் படத்துக்குள் என்ன எழுதியிருந்தது என்பதை நான் பிற்பாடு பார்த்தேன். உங்கள் ராஜினாமா பெறப்பட்டது. இரண்டு நாட்களுக்குள் ரத்து செய்யலாம்.

நான்காம் நாள் காலை கேட்டிலிருந்து கூப்பிட்டார். கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லை, செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. நான் போனபோது செக்யூரிட்டி கூண்டின் நிழலில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், நான் சரியாத்தான் எண்ணினேன்."

அவர் போனை வாங்கி எண்ணிப் பார்த்தேன். ஏழாவதில் என் விரல் நின்றது. கண்ணால் பார்த்தேன். அவர் எண்ணிக்கை தப்பவே இல்லை.

மேடம் எங்களை உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"நோடி, பாருங்க, சிஸ்டம்ல ரிசிக்னேஷன் க்ளியரா இருக்கு. டேட் இருக்கு, ரீசன் இருக்கு. ரெண்டு நாள்ல கேன்சல் பண்ணல. கான்ட்ராக்டர் வேற ஆள் போட்டாச்சு."

"மேடம், அவருக்கு அது ராஜினாமான்னு தெரியாது. பட்டன்ல பேரே கிடையாது."

மேடம் கணினியில் ஒரு கோப்பைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். பார்வையற்ற பயனர் யாருடைய உதவியும் இன்றிப் பயன்படுத்த இயலும். வெற்றி. கீழே, கடைசி எழுத்து நீண்ட என் கையெழுத்து.

"நீங்கதானே குடுத்தீங்க? யூஸ் பண்ண முடியும்னு. முடியும்னா, தெரிஞ்சுதானே போட்டிருக்காரு?"

பக்கத்தில் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன சார் காட்டறாங்க?" என்றார். மேடம் சொன்னார்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "என்னோட ரிப்போர்ட்டு மெயில்ல இருக்கும். எடுத்துப் போடு. அதுக்கு மேல பேச என்கிட்ட ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். போட்டேன். மேடத்துக்கும் முதலாளிக்கும் சேர்த்து எழுதினேன்: நான் கையெழுத்திட்ட அறிக்கை தவறு, அது சோதனையே அல்ல, பாடம் சொல்லிக் கொடுத்து ஒப்பிக்க வைத்தது, சரியான அறிக்கை இணைப்பில் இருக்கிறது. மேடத்திடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. இணைப்பில் உள்ள அறிக்கை முந்தைய தேதியுடையது. பிந்தைய தேதியுள்ள அறிக்கையே செல்லும்.

முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"இந்த ஆர்டர் போனா ஒம்பது பேரு வீட்டுக்குப் போவணும். அவங்களுக்கெல்லாம் குடும்பம் இல்லையா? உனக்கு மட்டும்தான் மனசாட்சி இருக்குதா?"

"நான் என்ன பண்ணட்டும் சார்?"

"எழுதறதை நிறுத்து. நான் பேசி முடிக்கறேன்."

முடித்தார். வேலை திரும்பக் கிடைக்காது, ஆனால் மனிதாபிமானத்தின் பேரில் அவருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று பேச்சானது. மென்பொருளில் வந்த குழப்பம் என்பதால் அந்தத் தொகையை எங்கள் கம்பெனி பில்லில் கழித்துக்கொள்வார்கள். பதிலுக்கு, தானாக விரும்பி விலகியதாகவும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லையென்றும் அவர் எழுதித் தர வேண்டும்.

அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். முடித்ததும் அவர், "எங்க போடணும் சார்?" என்றார். அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி மேஜை மேல் தடவி வைத்துவிட்டு, "இதுல பேராவது சரியா இருக்குதுங்களா? வேற ஒண்ணுலயும் போட்டுடலையே?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் நான் செய்ததற்குக் கிடைத்ததுதான்.

"சரியாத்தாண்ணா இருக்கு" என்றேன்.

அவர் ஊருக்குப் போய்விட்டார். போன் எண் என்னிடம் இருக்கிறது. அழைத்தால் எடுக்கிறார். "நல்லா இருக்கேன் சார்" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். அக்கா இப்போது ஓசூரில் இல்லை. நான் இருக்கிறேன், அதே கம்பெனியில், அதே மேஜையில். திரையை அணைத்துவிட்டுத்தான் சோதிக்கிறேன். அம்மாவுக்குப் பணம் எடுக்க வேண்டியிருந்தால் கூடவே போகிறேன், எண் சொல்லிக் கொடுப்பதில்லை. வரிசையில் நிற்கும்போது, "ஏன்டா, எனக்கு வராதுன்னு நினைச்சிட்டியா?" என்கிறாள்.

வேறொரு வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டி வந்தபோது அந்த எட்டு பட்டன்களுக்கும் பெயர் எழுதினார்கள். ராஜினாமா இப்போது "ராஜினாமா" என்று தெளிவாகச் சொல்கிறது. அக்கா எழுதியிருந்தது சரி, ஒரு மதியம்தான் ஆனது. அந்த மதியம் பெயர் எழுதியவரின் மாதச் சம்பளத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது, அதற்கென்று தனிச் செலவு இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் எங்கள் கம்பெனிக்குக் கடைசியாக ஆன செலவு, பில்லில் கழிந்த அந்தத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளம் மட்டும்: பன்னிரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.